எழுத்துக்கோப்பும் எழுத்துரு வடிவமைப்பும்: குமரி மாவட்டத்தில் தொடங்குபவர்கள் எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது?

மார்த்தாண்டத்தில் டி.டி.பி. கடை வைத்திருப்பவர், நாகர்கோவிலில் பொறியியல் படிக்கும் மாணவி, சபை ஆண்டு மலரைப் பொறுப்பேற்றுச் செய்பவர், கைக்காசைப் போட்டுச் சிறுபத்திரிகை கொண்டுவருபவர். கணினியில் தமிழ்ப் பக்கத்தை ஒழுங்காக அமைக்க வேண்டும், முடிந்தால் ஓர் எழுத்துருவும் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இவர்களில் யாருக்கு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்தப் புத்தகத்தைப் படிப்பது? இணையத்தில் தேடினால் பெயர்பெற்ற நூல்களின் பட்டியல் உடனே கிடைக்கும். எதை முதலில் எடுப்பது, எதை எவ்வளவு படிப்பது, தமிழுக்கு எங்கே மாற்றிக்கொள்வது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்காது. இருப்பதிலேயே கனமான நூலை முதலில் திறந்து, இது நமக்குச் சரிவராது என்று மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே நான் சொல்லப்போகும் நூல்களில் பெரும்பாலானவை லத்தீன் எழுத்தை, அதாவது ஆங்கிலம் எழுதும் எழுத்தை, மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றின் கொள்கைகள் நமக்கும் உதவும். அளவுகள் பல இடங்களில் உதவாது. ஆகவே எந்த நூலைத் திறந்தாலும் பக்கத்தில் அச்சடித்த ஒரு தமிழ்ப் பக்கம் இருக்கட்டும். நூல் சொல்வதை அந்தப் பக்கத்தில் அளந்து பார்த்துவிட்டு மேலே போங்கள். அந்தப் பழக்கம் வராவிட்டால் எத்தனை புத்தகம் வாங்கினாலும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்துக்கோப்பு, அதாவது எழுத்துகளை வரியாகவும் பக்கமாகவும் அடுக்குவது, ஒரு வேலை, எழுத்துரு வரைவது வேறு வேலை. முதலில் எழுத்துக் கோக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆயிரம் வரி கோத்தவருக்குத்தான் ‘ஞ’ எங்கே இடிக்கிறது, ‘ளூ’ கீழ்வரியில் போய் எப்படி முட்டுகிறது என்பது கண்ணில் படும். அந்தக் கண் இல்லாமல் வரைந்த எழுத்து, தனியாகப் பார்க்க அழகாக இருக்கும். பத்து வரி சேர்ந்தால் படிக்க முடியாது.

புத்தகம் வாங்குவதற்கு முன்

முதல் பாடநூல்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. நாகர்கோவில் வட்டாரத்துக்கு அச்சு புதிதல்ல. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாகர்கோவிலில் அச்சகம் நிறுவிவிட்டார். அதற்கும் வெகுகாலம் முன்பு, 1578இல், தமிழில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது இங்கிருந்து ரயிலில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய கொல்லத்தில். இன்றைக்குக் காலச்சுவடு பதிப்பகம் நாகர்கோவிலிலிருந்து புத்தகம் வெளியிடுகிறது. ஈய எழுத்துக் காலப் பக்கமும் இன்றைய ஆஃப்செட் பக்கமும் ஒரே வீட்டு அலமாரியில் கிடைக்கக்கூடிய ஊர் இது. பாட்டியின் கீர்த்தனைப் புத்தகம், பள்ளிப் பாடநூல், ஒரு நாவல், ஒரு கோயில் கொடை நோட்டீஸ், நான்கையும் எடுத்து மேசையில் வையுங்கள்.

நான்கில் ஒன்று 1978க்கு முந்தையதாக இருந்தால் மிகவும் நல்லது. அந்த ஆண்டின் அரசாணைக்குப் பிறகுதான் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு மாறின. பழைய பக்கத்தில் ஐகாரம் எழுத்தின் தலைமேல் தும்பிக்கைபோல வளைந்து நிற்கும். ஓர் எழுத்தின் வடிவம் மாறினால் அதன் அகலம் மாறும், அகலம் மாறினால் வரி மாறும் என்பதை இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்தாலே காணலாம்.

அப்புறம் ஓர் அளவுகோல் எடுங்கள். எழுத்துகள் உட்காரும் கண்ணுக்குத் தெரியாத கோட்டை அடிக்கோடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து பத்து வரி தள்ளி இருக்கும் அடிக்கோடு வரை அளந்து, பத்தால் வகுங்கள். 53 மில்லிமீட்டர் வந்தால் ஒரு வரிக்கு 5.3. ஒரு பாயின்ட் என்பது ஏறக்குறைய 0.353 மில்லிமீட்டர், ஆக அந்தப் பக்கத்தின் வரியிடைவெளி 15 பாயின்ட். இதேபோல வரியின் நீளம், ஒரு வரியில் எத்தனை சொல், நான்கு பக்க ஓரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு புத்தகங்களின் கணக்கும் கையில் இருந்தால், இனி வாங்கப்போகும் ஒவ்வொரு நூலையும் எதிர்கேள்வி கேட்டுப் படிக்கலாம்.

பழைய அச்சுப் பக்கம் வீட்டில் இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வருடிய (ஸ்கேன் செய்த) பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கும். 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் அச்சான வின்ஸ்லோ அகராதியின் ஒரு பக்கத்தையாவது பெரிதாக்கிப் பாருங்கள். அவ்வளவு சிறிய எழுத்தை அவ்வளவு தெளிவாக ஈயத்தில் வார்த்திருக்கிறார்கள். வருடிய படத்தில் அளவு மாறியிருக்கும். எழுத்து வடிவத்துக்கு மட்டும் அதை நம்புங்கள். மில்லிமீட்டர் கணக்குக்குக் காகிதப் புத்தகம்தான் வேண்டும்.

முதல் நூல்: பக்கத்தைப் பார்க்கக் கற்றுத்தருவது

காசு கொடுத்து ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால் ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் எழுதிய ‘தி எலிமென்ட்ஸ் ஆஃப் டைப்போகிராஃபிக் ஸ்டைல்’ வாங்குங்கள். 1992இல் முதலில் வெளிவந்தது, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. அவர் கவிஞரும்கூட, அதனால் நடை இனிமையாக இருக்கும். மென்பொருள் பெயர் எதையும் நம்பி நிற்காத நூல் என்பதால் பழசாகாது. முழுவதையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. வரியின் தாளத்தையும் விகிதத்தையும் பேசும் இரண்டாம் அத்தியாயம், பக்கத்தின் வடிவத்தைப் பேசும் எட்டாம் அத்தியாயம், இரண்டையும் முதலில் முடியுங்கள்.

ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை இருக்கலாம், 66 இருந்தால் நலம் என்பது அந்த நூலின் பெயர்பெற்ற கணக்கு. இதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டால் சிக்கல். நம் சொற்கள் நீளம், நம் எழுத்துகள் அகலம். ‘ணை’ ஓர் எழுத்துத்தான், ஆனால் அது பிடிக்கும் இடத்தில் லத்தீனின் மெல்லிய எழுத்துகள் மூன்று நான்கு உட்கார்ந்துவிடும். ஆகவே எழுத்தை எண்ணாமல் சொல்லை எண்ணுங்கள். நீங்கள் அளந்த நான்கு புத்தகங்களில் கண்ணுக்கு இதமானது எதுவோ, அதில் வரிக்கு எத்தனை சொல் என்று பாருங்கள். அதுவே உங்கள் கணக்கு. டெமி அளவுப் புத்தகத்தில் வரிக்கு ஐந்து சொல்லுக்குக் கீழே போனால் இரு ஓரமும் நேராக்கும்போது சொற்களுக்கு நடுவே ஓட்டை விழுவது நிச்சயம்.

வரியிடைவெளியும் அப்படித்தான். தமிழில் மேலே ‘ீ’ சுழியும் புள்ளியும் போகும், கீழே ‘கு’, ‘ழு’, ‘தூ’ தொங்கும். ஆங்கிலத்துக்கு 11க்கு 13 (11 பாயின்ட் எழுத்துக்கு 13 பாயின்ட் வரியிடைவெளி) போதும் என்றால் தமிழுக்கு 11க்கு 15இல் தொடங்கி, அச்செடுத்துப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். சாய்வெழுத்தையும் சிறு தலைப்பெழுத்தையும் பற்றி அந்த நூலில் வரும் பகுதிகளைத் தாண்டிவிடலாம். தமிழ் அச்சு மரபில் அவற்றுக்கு வேர் கிடையாது. தமிழை வலுக்கட்டாயமாகச் சாய்த்து அச்சடித்த அழைப்பிதழ்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

தமிழில் அச்சுத்தொழில் பற்றிப் படிக்க வேண்டும் என்றால் மா.சு. சம்பந்தனின் ‘அச்சும் பதிப்பும்’ நூலை நூலகத்தில் தேடிப் பாருங்கள். கணினிக்கு முந்தைய உலகம் அது. ஆனால் தமிழ் அச்சு எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொண்டால், இன்றைய மென்பொருளில் நாம் திருப்பும் ஒவ்வொரு திருகும் எதற்காக இருக்கிறது என்பது விளங்கும்.

இரண்டாம் கட்டம்: கணினியில் கோப்பது

இங்கே டொனால்ட் கனூத்தின் பெயரைச் சொல்லாமல் முடியாது. தம் கணினி நூலின் ஒரு தொகுதி மறுபதிப்புக்காக 1977இல் வந்த மெய்ப்பைப் பார்த்தார். பழைய ஈய எழுத்தின் அழகு அதில் இல்லை. மனம் பொறுக்காமல் தாமே ஓர் எழுத்துக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார். அதுதான் டெக். கூடவே எழுத்துரு செய்ய மெட்டாஃபாண்ட். இவற்றை விளக்கும் ‘கம்ப்யூட்டர்ஸ் அண்ட் டைப்செட்டிங்’ என்ற ஐந்து தொகுதிகளில் முதலாவது ‘தி டெக்புக்’, மூன்றாவது ‘தி மெட்டாஃபாண்ட்புக்’. இரண்டாவதும் நான்காவதும் நிரலின் முழு மூலம். ஐந்தாவது, கம்ப்யூட்டர் மாடர்ன் என்ற எழுத்துருக் குடும்பம் எப்படி எழுதப்பட்டது என்பது.

இவ்வளவு பெருமை சொன்னதும் நேரே ‘டெக்புக்’கை எடுத்துவிடாதீர்கள். முதலில் லேடெக் கற்றுக்கொள்ளுங்கள். இது டெக்கின்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய எளிய அடுக்கு. இதற்கு நல்ல இலவச நூல்கள் உண்டு. தொபியாஸ் ஓதிக்கர் முதலானோர் எழுதிய லேடெக் குறு அறிமுகம் ஒன்று. இன்னொன்று நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் செய்தது: திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்ட இந்திய டெக் பயனர் குழு 2003இல் வெளியிட்ட லேடெக் பாடநூல். உலக டெக் பயனர்களின் மாநாடு 2002இலும் 2011இலும் திருவனந்தபுரத்தில்தான் நடந்தது. குழித்துறையில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடும் ஊரில் இந்தத் தொழில்நுட்பம் இவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

அந்த நூல்கள் பழைய டெக் நிரலை வைத்துத்தான் விளக்கும். தமிழுக்கு நீங்கள் அதன் புதிய வடிவங்களான சீடெக்கையோ லுவாடெக்கையோ பயன்படுத்த வேண்டும். இரண்டும் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான எண்முறையான யூனிகோடையும், கணினியில் நிறுவியிருக்கும் எழுத்துருக்களையும் நேரடியாக எடுத்துக்கொள்ளும். எழுத்துருவைக் கூப்பிட ஃபாண்ட்ஸ்பெக், மொழியைச் சொல்ல பாலிகிளாசியா அல்லது பேபல் என்ற தொகுப்புகள் இருக்கின்றன. தமிழுக்கான சொல்வெட்டு விதிகளும் டெக் நிறுவலுடனே வந்துவிடும். நீண்ட தமிழ்ச் சொல்லை வரிக்கடைசியில் எங்கே வெட்டலாம் என்று அந்த விதிகள் சொல்லும். அவற்றைப் போட்டும் நீக்கியும் ஒரே பத்தியை இருமுறை அச்செடுத்துப் பாருங்கள். சொல்லிடைவெளி எப்படி அடங்குகிறது என்பது தெரியும். மெய்ப்புத் திருத்தும்போது எந்த வரியும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காமல் இருக்கிறதா என்று மட்டும் நீங்களே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு பயிற்சி. கன்னியாகுமரிக்கு வந்து 133 அடிச் சிலையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறிய திருக்குறள் புத்தகம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 1330 குறளையும் ஒவ்வொன்றாக அழகுபடுத்தினால் காலத்துக்கும் முடியாது. லேடெக்கில் ‘குறள்’ என்று ஒரு கட்டளையை நீங்களே வரையறுத்து, எண், முதலடி, இரண்டாமடி மூன்றையும் அதற்குக் கொடுத்தால் போதும். இனி எண் எங்கே நிற்க வேண்டும், இரண்டாமடி எவ்வளவு உள்ளே தள்ளி வர வேண்டும் என்பதெல்லாம் ஒரே இடத்தில் மாற்றும் விஷயம். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. முதலடி ஒரே வரியில் அடங்க வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கத்தின் ஒரே பெரிய நிபந்தனை. அதைச் சோதிக்க ‘அகர முதல’ போதாது. ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்’ என்ற 12ஆம் குறளின் முதலடியைப் போடுங்கள். அது அடங்குகிற அளவுக்கு எழுத்தையும் பக்க அகலத்தையும் வைத்தால் மற்ற பெரும்பாலானவை தாமாகவே அடங்கும்.

இந்தப் பயிற்சி முடிந்த பிறகு ‘டெக்புக்’ எடுங்கள். 11, 12, 14 ஆகிய மூன்று அத்தியாயங்கள்தான் இப்போதைக்கு. எழுத்து, சொல், வரி எல்லாம் பெட்டிகள். அவற்றுக்கு நடுவே நீண்டு சுருங்கும் பசை. பத்தி முழுவதையும் பார்த்துவிட்டு எங்கெங்கே வரியை முறிப்பது என்று முடிவெடுக்கும் முறை. இவ்வளவுதான் அந்த மூன்றிலும். ஓரத்தில் அபாய வளைவுக் குறி போட்ட பத்திகளை முதல் வாசிப்பில் விட்டுவிடச் சொல்லிக் கனூத்தே எழுதியிருக்கிறார். அவர் சொல்படி கேளுங்கள். வரி முறிக்கும் முறை பற்றி மைக்கேல் பிளாஸுடன் சேர்ந்து 1981இல் அவர் எழுதிய கட்டுரை, ‘டிஜிட்டல் டைப்போகிராஃபி’ என்ற அவருடைய 1999ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. கணிதம் பிடிக்கும் மாணவர்களுக்கு அது விருந்து.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர்கள், டெக் நமக்கு வேண்டாமே என்று நினைக்கலாம். மென்பொருளை மாற்ற வேண்டாம், சரி. ஆனால் பெட்டி, பசை என்ற அந்தப் பார்வையைப் படித்துக்கொள்ளுங்கள். இன்டிசைனின் பத்திக் கோப்பியும் (பாராகிராஃப் கம்போசர்) வரியை ஒவ்வொன்றாக வெட்டாமல் பத்தி முழுவதையும் பார்த்துத்தான் வெட்டுகிறது. தமிழுக்கு அதில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். பணம் இல்லாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. பழைய பதிப்புகளில் தமிழ் சிதறும், 1.6 பதிப்பில் ஒழுங்காக வருகிறது.

‘தி லேடெக் கம்பானியன்’ பற்றி ஒரு வார்த்தை. ஃபிராங்க் மிட்டல்பாக்கும் உல்ரிகே ஃபிஷரும் 2023இல் கொண்டுவந்த மூன்றாம் பதிப்பு இரண்டு பெரும் பாகம். அகராதிபோலத் தேவைக்குப் புரட்ட வேண்டியது அது. சொந்தமாக வாங்காமல் கல்லூரி நூலகத்தை வாங்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் கட்டம்: எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண்

குமரி மாவட்டத்துப் பிரஸ்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதுதான் அன்றாடத் தலைவலி. பேஜ்மேக்கர் காலத்துக் கோப்பு, பழைய குறியாக்க எழுத்துரு. புதிய கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஏதேதோ ஆங்கில எழுத்துகள். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்தை வைத்துக்கொண்டதன் விளைவு இது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியாக்கத்தையும் ஏற்றது. புதிதாகத் தொடங்குபவர்கள் யூனிகோடைத் தவிர வேறு எதிலும் தட்டச்சு செய்ய வேண்டாம். பழைய கோப்பை மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு சொல் சொல்லாக மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும்.

படிக்க வேண்டியது யூனிகோடு தர நூலின் 12ஆம் அத்தியாயம். இந்திய எழுத்துகளைப் பற்றியது, தமிழுக்குத் தனிப் பிரிவு உண்டு, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சில பக்கங்கள்தான். ஆனால் நிதானமாகப் படியுங்கள். யூனிகோடில் தமிழின் முதன்மைப் பகுதிக்கு ஒதுக்கிய இடம் 128. நம் எழுத்தோ 247. பின் எப்படி? ‘கோ’ என்று தட்டினால் கணினி வைத்துக்கொள்வது க, அதன்பின் ஓகாரக் குறி, அவ்வளவே. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, ‘ே’ இடப்பக்கமும் ‘ா’ வலப்பக்கமும் போய் நிற்கும். சேமித்த வரிசை வேறு, தெரியும் வரிசை வேறு. இந்த மாற்றத்தைச் செய்வது எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளும், ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நிரலும். இவ்விரண்டில் ஒன்று சரியில்லாவிட்டால்தான் ‘கோ’ என்பது புள்ளி வட்டத்தோடு உடைந்து நிற்கிறது.

இதை முழுவதும் அறிய யானிஸ் ஹரலம்பஸின் ‘ஃபாண்ட்ஸ் அண்ட் என்கோடிங்ஸ்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் 2007இல் வந்தது, ஆயிரம் பக்கம். எழுத்துருக் கோப்பின் உள்ளே என்னென்ன அட்டவணைகள் இருக்கின்றன என்பதை அதைப்போல விரிவாகச் சொன்ன நூல் குறைவு. மென்பொருள் பற்றிய பகுதிகள் பழசாகிவிட்டன. வரலாறும் கட்டமைப்பும் பழசாகவில்லை. அதைவிட எளிமையாகவும் புதிதாகவும் வேண்டும் என்றால் சைமன் கசன்ஸ் இணையத்தில் இலவசமாக எழுதியிருக்கும் உலக எழுத்துமுறைகளுக்கான எழுத்துரு நூலைப் படியுங்கள். லத்தீன் அல்லாத எழுத்துகளை மையத்தில் வைத்து எழுதியது என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு ஹரலம்பஸுக்கும் முன்னால் அதையே சொல்வேன். மைக்ரோசாஃப்ட் தளத்தில் தமிழ் ஓப்பன்டைப் (இன்றைய எழுத்துருக் கோப்பு வகை) எழுத்துரு செய்வதற்கான தனி வழிகாட்டியும் இருக்கிறது.

நான்காம் கட்டம்: எழுத்து வரைவது

இனித்தான் எழுத்துரு. மூன்று நூல்களைச் சொல்கிறேன்.

கெரிட் நோர்ட்சையின் ‘தி ஸ்ட்ரோக்’ சிறிய நூல். எழுத்தின் தடிப்பும் மெலிவும் பேனா முனையின் அகலத்திலிருந்தும் அழுத்தத்திலிருந்தும் வருகின்றன என்று விளக்குவது. படியுங்கள், ஆனால் நம் எழுத்து வளர்ந்தது ஓலையில், எழுத்தாணியால் கீறி. எழுத்தாணிக்குத் தடிப்பு மெலிவு கிடையாது. அச்சு எழுத்தில் நாம் பார்க்கும் தடிப்பு மெலிவு பிற்பாடு வந்தது. ஆகவே எந்தக் கோடு தடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு நோர்ட்சையின் விடையைத் தமிழில் அப்படியே பொருத்த முடியாது.

ஃபிரெட் ஸ்மெய்யர்ஸின் ‘கவுண்டர்பஞ்ச்’ 1996இல் வந்தது. ஈய எழுத்துக்கு அச்சாணி (எழுத்தைப் பதிக்கும் எஃகு முனை) வெட்டிய பழைய கைவினைஞர்கள் எழுத்தின் உள்வெளியை முதலில் வடித்தார்கள் என்பதை மையமாக வைத்துப் பேசுவது. மூன்றில் தமிழுக்கு அதிகம் பயன்படுவது இதுதான் என்று நினைக்கிறேன். ண, ஞ, ழ, ஐ போன்றவற்றில் நம் கண் படிப்பது கோட்டைவிடக் கோட்டுக்குள் அடைபட்ட வெள்ளையைத்தான். ‘ண’வின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொண்டால் சிறிய அளவில் அது கறுப்புக் கட்டியாகிவிடும், மலிவான தாளில் மை பரவினால் கேட்கவே வேண்டாம்.

கேரன் செங்கின் ‘டிசைனிங் டைப்’ லத்தீன் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பல எழுத்துருக்களில் ஒப்பிடுகிறது. அந்த எழுத்துகள் நமக்கு வேண்டாம். அந்த முறை வேண்டும். ஒரு தாளில் ‘ழ’வைப் பத்து எழுத்துருக்களில் பெரிதாக அச்செடுங்கள். கீழே இறங்கும் கால் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு ஆழம் போகிறது, ‘ழு’ ஆகும்போது சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பென்சிலால் குறியுங்கள். நோட்டோ, லோகித், கேட்டமரன், ஹிந்த் மதுரை, முக்தா மலர், பவனம் எல்லாம் இலவச உரிமத்தில் கிடைப்பவை. பழைய ஐகார வடிவங்களைப் பார்க்க லோகித் தமிழ் கிளாசிக்கல் இருக்கிறது.

கருவிக்கு ஃபாண்ட்ஃபோர்ஜ் போதும். ஜார்ஜ் வில்லியம்ஸ் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். ‘டிசைன் வித் ஃபாண்ட்ஃபோர்ஜ்’ என்ற இலவச நூலும் அதற்கு உண்டு. மேலே சொன்ன எழுத்துருக்களில் ஒன்றை அதில் திறந்து, ‘கு’ எந்த விதியால் வருகிறது என்று தேடிப் பிடியுங்கள். உகர ஊகாரங்களுக்கு மட்டும் 18 மெய்க்கும் 36 வடிவம் தனித்தனியாக வரைந்திருப்பதைக் காண்பீர்கள். ‘டி’, ‘டீ’ வேறு தனி. புதியவர்கள் நேரத்தைக் குறைவாக மதிப்பிடுவது இங்கேதான்.

வரையும் வரிசை முக்கியம். அ, ஆ என்று தொடங்காதீர்கள். ‘அ’ மிகக் கடினமான எழுத்துகளில் ஒன்று. ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் முதலில் வரையுங்கள். நேர்க்கோட்டின் தடிப்பு, எழுத்தின் உயரம், வளைவின் தன்மை மூன்றும் இவற்றிலேயே முடிவாகிவிடும். இந்த நான்கை வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களைக் கோத்து அச்செடுக்கலாம். எழுத்துகளுக்கு நடுவே வெள்ளை சமமாக இல்லாவிட்டால் இங்கேயே திருத்துங்கள். பிறகு க, த சேருங்கள்: பக்கம், தகதக, பதக்கம். அடுத்து வ, ல, ன. ண, ஞ, ழ, இ எல்லாம் கடைசிப் பகுதி. ர-வும் கால்குறியும் குழம்பாமல் பிரிந்து தெரிகிறதா என்று ‘பாரம்’, ‘மரம்’, ‘மாரம்மா’ போட்டுப் பாருங்கள்.

குமரிக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கம் தமிழும் மலையாளமும் ஒரே தாளில் வரும் அழைப்பிதழ்களும் நோட்டீஸ்களும் சாதாரணம். இரண்டையும் 12 பாயின்டில் வைத்தால் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரியும். பாயின்ட் அளவு என்பது எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம் மட்டுமே, அதற்குள் எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது வரைந்தவர் முடிவு. ஆகவே ‘ப’வின் உயரத்தையும் மலையாளத்தின் ‘ப’ உயரத்தையும் அளந்து, ஒன்றின் பாயின்டை ஏற்றியோ இறக்கியோ கண்ணுக்குச் சமமாக்குங்கள். மலையாளத்துக்கு மீரா, தமிழுக்கு மீரா இனிமை என்று கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு ஒரே சாயலில் இரண்டு இலவச எழுத்துருக்களைத் தந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஓர் அசன (சபை விருந்து) நோட்டீஸ் கோத்துப் பார்ப்பது நல்ல பாடம்.

‘மெட்டாஃபாண்ட்புக்’ எப்போது? எழுத்தை எண்களால் விவரிக்கும் ஆசை வந்த பிறகு. கம்ப்யூட்டர் மாடர்ன் 62 அளபுருக்களை (மாற்றக்கூடிய அளவுகளை) மாற்றி மாற்றிப் பல எழுத்துருக்களாவதைப் பார்க்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் முதல் தமிழ் எழுத்துருவுக்கு அது அவசியமில்லை.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்

மேலே சொன்னவற்றில் ஓதிக்கர், திருவனந்தபுரம் பாடநூல், யூனிகோடு அத்தியாயம், கசன்ஸ், ஃபாண்ட்ஃபோர்ஜ் நூல் ஆகிய ஐந்தும் இலவசம். முதல் ஆறு மாதத்துக்கு இவையே போதும். விலை கொடுத்து வாங்க வேண்டியவற்றில் பிரிங்ஹர்ஸ்ட் முதலில், ஸ்மெய்யர்ஸ் அடுத்து. வெளிநாட்டுப் பதிப்புகளின் விலை கையைக் கடிக்கும் என்பதால் பழைய புத்தகக் கடைகளில் பழைய பதிப்பு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். பிரிங்ஹர்ஸ்டின் எந்தப் பதிப்பும் குறையில்லை.

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் இல்லாத நூலை வாங்கித் தரும்படி எழுதிக் கொடுங்கள். தனியாகக் கேட்பதைவிட நாலைந்து உறுப்பினர்கள் சேர்ந்து கேட்டால் மதிப்பு அதிகம். பொறியியல் கல்லூரி மாணவர்கள் தம் நூலகத்தின் அட்டவணையைக் கணினித்துறை அலமாரியோடு நிறுத்தாமல் கணிதத்துறை அலமாரியிலும் தேடுங்கள். டெக் நூல்கள் பல இடங்களில் அங்கேதான் இருக்கும். திருவனந்தபுரம் போகும்போது மாநில மைய நூலகத்திலும், சென்னைக்கோ மதுரைக்கோ போகும்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றிலும் அட்டவணையைத் தேடிப் பாருங்கள். போவதற்கு முன் நூலின் ஐ.எஸ்.பி.என். எண்ணை எழுதி எடுத்துப் போனால் தேடுவது எளிது.

எழுத்துரு ஓரளவு வந்ததும் திரையில் பார்த்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம். ஒரு முழுப் பக்கம் கோத்து, எழுத்துருவை உள்ளே பொதிந்த பி.டி.எஃப். எடுத்து, உங்கள் ஊர் பிரஸ்ஸில் மேப்லித்தோ தாளில் ஒன்றும் நியூஸ்பிரிண்டில் ஒன்றும் 9 பாயின்டிலும் 11 பாயின்டிலும் அச்சடித்து வாங்குங்கள். அந்த நான்கு தாளையும் வீட்டில் மூக்குக்கண்ணாடி போட்டுப் படிக்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த எழுத்தில் தடுமாறுகிறாரோ அதைப் பென்சிலால் வட்டமிட்டு, அந்த எழுத்தை மறுபடி வரையத் தொடங்குங்கள்.